ஊர்க்காடும் தொடக்கப்பள்ளியும்



ஆறு வயது தொடங்கிப் பத்து வயது வரையில் தொடக்கப்பள்ளியில் பயிலும் குழந்தைகளுக்குக் காட்டை எங்கே, எதைக் கொண்டு, எவ்விதம் அறிமுகம் செய்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கிய ஆராய்ச்சியோ தத்துவ விசாரமோ எதிர்பார்த்து வருவது நம்மவர் வழக்கம். அவ்வாறிருக்க, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் பாலர்களின் பாடத்தைப் பற்றிப் பேசுவதற்கு இத்தனை பெரிய சபை வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். ஒரு காடு நிலைத்து நிற்பதும் அழிந்து மறைவதும், பின்னாளில் சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் நடக்கும் வாதங்களால் நிர்ணயமாவதைக் காட்டிலும், அக்காட்டின் அருகே வளர்ந்த மனிதர்கள் சிறு பிராயத்தில் அதனோடு கொண்ட பரிச்சயத்தாலேயே பெரிதும் நிர்ணயமாகின்றன. பெயர் தெரிந்த மரத்தை வெட்டக் கை எழாது. பெயர் தெரியாத மரம் வெறும் விறகாகவே கண்ணுக்குப் படும்.

1991ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கொன்றில், சுற்றுச்சூழலைப் பற்றிய கல்வியைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படிப்படியாகக் கட்டாயமாக்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அந்தக் கட்டளையின் பயனாகப் பாடநூல்களில் காட்டுக்கு உரிய இடம் கிடைத்திருக்கிறது என்பதை நான் நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காடு என்ற பாடத்தை வாசித்து முடித்த குழந்தையிடம் ஒரு காட்டை வரையச் சொன்னால், அது வரைவது என்ன? இரண்டு கூம்பு மலைகள், நடுவே உதயசூரியன், மலையடியில் ஊசியிலை மரங்கள், அவற்றின் கீழே பிடரிமயிரோடு ஒரு சிங்கம். தமிழ்நாட்டின் காடு எதிலும் சிங்கம் இல்லை. ஆசியச் சிங்கம் இயற்கையாக வாழும் இடம் குஜராத்தின் கிர் காடும் அதைச் சூழ்ந்த பிரதேசமுமே. கடற்கரைக் கிராமமொன்றில் பிறந்து, பள்ளிக்கு வரும் வழியிலேயே ஒரு பழங்காட்டின் ஓரத்தைக் கடந்து வருகிற குழந்தை, அந்தக் காட்டைக் காடென்றே அறியாமல், வேறெங்கோ உள்ள ஒன்றைக் காடென்று வரைகிறதே, அதுதான் என் மனத்தை உறுத்துகிற விஷயம். நேரிற் கண்டறியும் பிரத்தியட்ச ஞானத்துக்கு இடமிருந்தும் படத்தையே பிரமாணமாகக் கொள்ளக் குழந்தையை நாம் பழக்கிவிட்டோம்.

நான் குறிப்பிடுகிற பழங்காடு சோழமண்டலக் கரையோரத்தில், வடக்கே விசாகப்பட்டினத்துக்கு அருகிலிருந்து தெற்கே இராமநாதபுரம் வரையில், முன்னொரு காலத்தில் தொடர்ச்சியாகப் பரந்து கிடந்ததாகத் தாவர நூலார் கூறும் உலர் பசுமைமாறாக் காடு. உலகத்தில் பல இடங்களில் காணக்கூடிய சாதாரண வகைக் காடன்று இது. ஓராண்டில் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிட, தை பிறந்தது முதல் ஆறேழு மாதம் வானம் வறண்டு கிடக்கும் இந்த நிலத்தில், மரங்கள் இலையுதிர்த்து நிற்பதே இயல்பாயிருக்க, இக்காட்டின் மரங்களிற் பெரும்பாலானவையோ தடித்து வழவழத்த சிற்றிலைகளால் நீரிழப்பைக் குறைத்துக்கொண்டு, அக்கினி நட்சத்திரத்திலும் பசுமை மாறாமல் நிற்கின்றன. உயரம் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் போவது அரிது. வீரை, காசா, உலக்கைப்பாலை, கருங்காலி, காட்டு எலுமிச்சை ஆகிய மரங்கள் நெருங்கி நிற்க, அவற்றின் மேல் கைப்பருமனும் தொடைப்பருமனுமான கொடிகள் ஏறிப் பின்னிக் கிடக்கும். மலைக்காட்டின் கம்பீரத்தை இதனிடம் எதிர்பார்த்து வருகிறவர் ஏமாந்து போகலாம். குழந்தைக்கோ இதைவிடப் பொருத்தமான காடு வேறில்லை. ஏனெனில் இங்கே கிளைகள் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன.

அவ்வளவு பெரிய பரப்பில் இருந்த காடு உழவுக்கும் ஊருக்கும் விறகுக்கும் இரையாகிப் போக, இன்று எஞ்சியிருப்பவை சிறு சிறு துண்டுகளே. கோடிக்கரையிலும் சென்னைக் கிண்டியிலும் அரசின் பாதுகாப்பில் சில பகுதிகள் இருக்கின்றன. மற்றவை பெரும்பாலும் அய்யனாரின் பாதுகாப்பில் இருக்கின்றன. புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே கீழ்ப்புத்துப்பட்டில் உள்ள அய்யனார் கோயிற்காட்டையும், கடலூர்ப் பக்கம் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் ஆகிய ஊர்களில் உள்ள கோயிற்காடுகளையும் தாவர நூலார் இடைவிடாது ஆராய்ந்து வருவது, பிற இடங்களிற் பெரும்பாலும் அழிந்துபோன அந்தப் பழங்காட்டின் அடையாளம் அங்கே பிழைத்திருக்கிறது என்பதனால். அய்யனாரின் காட்டிலிருந்து ஒரு சுள்ளியை எடுத்துச் சென்றாலும் குற்றம் என்று அஞ்சிய பாட்டிமார்களும், மண்குதிரை எடுத்து வைத்து நேர்த்திக்கடன் செலுத்திய குடியானவர்களும், எந்தச் சட்டமும் பிறப்பதற்கு வெகுகாலத்துக்கு முன்பே செய்து வந்த காவல் அது. அந்த பயபக்தியை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள் ஒருமுறை அந்தக் காட்டின் நிழலில் சித்திரை மாதத்து நடுப்பகலில் நின்று பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இத்தகைய ஊர்க்காட்டில், சோழமண்டலக் கரைப் பள்ளிக் குழந்தைகளுக்கு முதற்பாடமாக எதைச் சொல்வது? என்னிடம் கேட்டால், காட்டுக்கு முன்னால் சவுக்குத் தோப்புக்கு அழைத்துச் செல்லுங்கள் என்பேன். கரையோரத்தில் எங்கும் காண்கிற சவுக்கு நம் மண்ணின் மரமன்று. ரயில் என்ஜின்களுக்கு விறகு வேண்டியிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கரையெங்கும் பெருமளவில் பயிராக்கப்பட்டு, இன்றும் கட்டடச் சாரத்துக்கும் காகித ஆலைக்கும் பயன்பட்டு வருவது. அதன் பச்சை ஈர்க்கைக் கணுவில் கழற்றி மறுபடி பொருத்தி, எந்தக் கணுவில் கழற்றினேன் சொல் பார்க்கலாம் என்று ஒருவரையொருவர் கேட்டு விளையாடுவது அவ்வூர்க் குழந்தைகளுக்குத் தெரிந்த விளையாட்டு. அந்த விளையாட்டையே ஆசிரியர் பாடத்தின் தொடக்கமாகக் கொள்ளலாம். தோப்பின் தரையில் ஒரு துண்டை விரித்து, அந்த அளவு இடத்தில் கிடக்கும் உதிர்ந்த இலைகளை வகை பிரித்து அடுக்கச் சொன்னால், ஈர்க்கைத் தவிர வேறொன்றும் அகப்படாது. அதே துண்டை அய்யனார் காட்டில் விரித்தால், நீண்டது, வட்டமானது, முனை பிளந்தது, நரம்பு சிவந்தது, புழு அரித்துச் சல்லடையாய்ப் போனது என்று வகைவகையாகச் சேரும். இலைகளின் நடுவே முளைவிட்ட விதை ஒன்றும், மரநாயின் எச்சத்தில் கிடக்கும் கொட்டைகள் சிலவும் தென்படும். தோப்பில் எல்லா மரமும் ஒரே வயது. காட்டிலோ பட்டுச் சாய்ந்த கிழமரமும் அதன் காலடியில் இரண்டிலை விட்ட கன்றும் சேர்ந்திருக்கின்றன. தோப்பை நாலைந்து ஆண்டில் மனிதன் வெட்டி மறுபடி நடுகிறான். காட்டைப் பறவையும் வௌவாலும் எறும்பும் நடுகின்றன. காடு எது, மரக்கூட்டம் எது என்ற இந்த வேற்றுமையைத் தன் கையால் எண்ணிக் கண்டறிந்த ஏழு வயதுக் குழந்தைக்கு, வாழ்நாள் முழுவதும் ஒருவரும் அதை மறுபடி விளக்க வேண்டியிராது. ஒரு காட்டை அழித்துவிட்டு ஈடாக இத்தனை ஆயிரம் கன்றுகள் நட்டோம் என்று பின்னாளில் யாரேனும் கணக்குக் காட்டினால், அதில் உள்ள குறை அந்தக் குழந்தைக்கு உடனே புலப்படும்.

இரண்டாவதாக, அசையாமல் ஓரிடத்தில் அமர்ந்து பார்க்கும் பழக்கம். காட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்ட குழந்தைகளை வரிசையாக நடக்கவிட்டு, இந்த மரத்தின் பயன்கள் இவை என்று ஆசிரியர் ஒப்பிப்பதும் அவர்கள் எழுதிக்கொள்வதும் வகுப்பறையையே வெயிலில் தூக்கிக்கொண்டு வருவதாகும். மாறாக, மாமரத்திலோ புங்கமரத்திலோ முசுறு எறும்புகள் கட்டியிருக்கும் இலைக்கூடு ஒன்றின் எதிரே அரைமணி நேரம் உட்காரவைத்தால் போதும். ஒரு வரிசை எறும்புகள் இரண்டு இலைகளின் ஓரங்களைப் பற்றி இழுத்து நெருக்கிப் பிடித்திருக்க, வேறு சில எறும்புகள் தம் கூட்டத்துப் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வந்து, அப்புழுக்கள் சுரக்கும் பட்டிழையால் அங்குமிங்குமாக இலைகளைத் தைத்து ஒட்டுவதைக் கண்ட குழந்தைக்கு, உழைப்பு, ஒற்றுமை என்றெல்லாம் நாம் நீதி சொல்ல வேண்டியதில்லை; சொன்னால் கெட்டுவிடும். அதுபோலவே, அத்தி பூத்தாற்போல என்று அடிக்கடி சொல்லக் கேட்கும் குழந்தையின் கையில் ஓர் அத்திக்காயைக் கொடுத்து இரண்டாகக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். பூக்கள் காய்க்குள்ளேயே நூற்றுக்கணக்காக மறைந்திருப்பதையும், அவற்றினிடையே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊரும் சிறு குளவிகளையும் கண்டபின், அக்குளவி இல்லையேல் அத்திக்கு விதை இல்லை, அத்தி இல்லையேல் அக்குளவிக்கு வீடு இல்லை என்ற பெரிய உண்மையை எவ்வளவு எளிதாக அது கிரகித்துக்கொள்கிறது என்பதைக் காண்பீர்கள். பனைமரத்தின் மட்டையிடுக்கில் ஆலங்கன்று முளைத்து, நாளடைவில் பனையையே தழுவி மூடிவிடும் காட்சி நம் சாலையோரங்களில் எத்தனை! அந்த விதையை அங்கே கொண்டு போய் வைத்தது யார் என்று கேட்டுவிட்டு, பதிலை மறுநாள் வரைக்கும் சொல்லாமல் இருக்கும் ஆசிரியரே நல்ல ஆசிரியர்.

திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று பாடுகிறோம்; நூறு பேர் பாடினால் அந்தப் பூவைக் கண்டவர் ஒருவர் இருப்பாரா என்பது சந்தேகமே. கோயிற்காடுகளில் காசா என்றும் காயா என்றும் ஊருக்கு ஊர் வழங்கும் மரம் பூக்கும் நாளில், இலைக்குக் கீழே கிளையை ஒட்டிக் கொத்துக்கொத்தாக அந்த நீலம் பொங்கி நிற்கும். பிரபந்தம் கற்கப் போகிற குழந்தை முதலில் அந்த நீலத்தைக் கண்ணால் காணட்டும். உலக்கைப்பாலையின் மஞ்சள் பழத்தைத் தின்று உதடு ஒட்டிக்கொள்ளட்டும். சூரைப்பழமும் களாப்பழமும் நாவிற் படட்டும். கூடவே, பார்வைக்கு அழகிய குன்றிமணியும் நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கும் நஞ்சு என்பதையும், தெரியாத காயை வாயில் வைக்கலாகாது என்பதையும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும். பாம்பும் தேளும் இருக்குமே என்று பெற்றோர் அஞ்சுவது நியாயந்தான். இலைச்சருகில் கையை விடாதே, புற்றின் வாயில் காலை வைக்காதே, பெரியவர் இல்லாமல் உள்ளே போகாதே என்ற மூன்று விதிகளை விளையாட்டாகப் பழக்கிவிட்டால் அந்த அச்சம் பெரிதும் நீங்கும்.

இக்காட்டுப் பாடத்தில் எனக்கு மிகவும் பிரியமானது ஒரு பறவை. புரட்டாசி கடைசியிலும் ஐப்பசியிலும், இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, இரவிரவாகப் பறந்து தெற்கே வந்து சேர்கிறது ஆறுமணிக்குருவி. பச்சை முதுகும், இறக்கையில் ஒரு நீலத் துண்டும், அடிவயிற்றில் செம்மையும், இருக்கிறதா இல்லையா என்னும்படியான குட்டை வாலுமாக இருக்கும் இக்குருவி, காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணி அளவில் இரட்டைச் சீழ்க்கையாகக் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர் பெற்றது. வந்திறங்கிய நாளில் களைத்துப்போய் வீட்டு முற்றத்திலும் பள்ளித் தாழ்வாரத்திலும் விழுந்து கிடப்பதும் உண்டு. வகுப்பறைச் சுவரில் தொங்கும் இந்திய தேசப்படத்தில் இமயம் எங்கே, நம் ஊர் எங்கே என்று விரலால் அளந்து பார்த்த குழந்தை, அந்தச் சின்னஞ்சிறு உயிர் கடந்து வந்த தூரத்தை எண்ணி வாய் பிளந்து நிற்கும். பூகோளம் அந்தக் கணத்தில் தொடங்குகிறது. அது மட்டுமன்று. ஆறுமணிக்குருவி தன் இரையைத் தரையில் கிடக்கும் சருகைப் புரட்டியே தேடுகிறது. சருகில்லாத தரையில் அதற்கு உணவில்லை. ஆகவே, கோயிற்காட்டின் தரையைத் துப்புரவாகப் பெருக்கிச் சருகைக் கொளுத்தினால் இமயத்திலிருந்து வந்த விருந்தாளி பட்டினி கிடக்கும் என்ற காரண காரியத் தொடர்ச்சி, ஒன்பது வயதில் விளங்கிவிடுகிறது.

இனி, நாம் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். செங்கற்பட்டு, விழுப்புரம் மாவட்டங்களின் பல பள்ளிகளில் இருளர் குடும்பத்துப் பிள்ளைகள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுத்து வரவில்லை, கணக்கு வரவில்லை, அடிக்கடி வருவதில்லை என்று அவர்களைப் பற்றிய குறிப்பு எழுதப்படுகிறது. அந்தக் குழந்தையை ஊர்க்காட்டுக்கு அழைத்துச் சென்று பாருங்கள். எலி வளையில் எது புது மண், எது பழைய மண், கீரி போன தடம் எது, உடும்பு எந்தப் பொந்தில் இருக்கும், எந்த மழைக்குப் பிறகு எந்தப் புற்றில் ஈசல் புறப்படும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும், ஆசிரியருக்குத் தெரியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தால் பாம்புத் தோல் வாணிபம் நின்றபோது பிழைப்பிழந்த இருளர்கள், பாம்பியல் வல்லுநர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் மூலம், பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து விஷமுறிவு மருந்துக்கு வழங்கி, எண்ணற்ற உயிர்களைக் காத்து வருகிறார்கள். அந்தப் பரம்பரையின் குழந்தை காட்டு வகுப்பில் முன்வரிசைக்கு வந்து, மற்றக் குழந்தைகளுக்கு வழிகாட்டி நிற்கட்டும். தனக்குத் தெரிந்தது கல்வி என்று பள்ளி ஒப்புக்கொண்டதைக் கண்டால், தனக்குத் தெரியாத எழுத்தின்மீதும் அதற்கு விருப்பம் பிறக்கும். சமத்துவத்தைப் பற்றிய பாடம் ஒன்றைக் காடு நடத்துமானால் அது இதுதான்.

காட்டைப் பற்றிய துயரச் செய்திகளைக் குழந்தைகளுக்கு எப்போது சொல்வது என்ற கேள்வி எழும். டேவிட் சோபெல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1996இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில், இயற்கையை நேசிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அதன் அழிவைப் பற்றிய கவலையைப் பிஞ்சு மனத்தின்மேல் ஏற்றினால், குழந்தை இயற்கையைவிட்டு விலகியே போகும் என்று வாதித்தார். இதனை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். எங்கோ எரியும் காட்டைத் தொலைக்காட்சியில் காட்டி, உலகம் அழியப் போகிறது என்று ஏழு வயதுக் குழந்தையிடம் சொல்வது அறிவூட்டல் அன்று. அந்தக் குழந்தையால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பயந்து தூங்கும், அவ்வளவே. பழகட்டும், நேசிக்கட்டும், ஆபத்தை அறியும் பருவம் தானே வரும். 1901இல் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கிய ரவீந்திரநாத தாகூர் மரநிழலில் வகுப்பு நடத்தியதும், 1928இல் மரம் நடுவதையே பாட்டும் ஊர்வலமுமாக ஒரு திருவிழாவாக்கியதும், ஆனந்தத்தின் வழியாகவே குழந்தை இயற்கையை அடையும் என்ற நிச்சயத்தால். நம் தமிழிலும், அ. மாதவையாவின் புதல்வராகிய மா. கிருஷ்ணன், பறவை, விலங்கு, மரங்களைப் பற்றி நல்ல நடையில் கட்டுரைகள் எழுதிவைத்திருக்கிறார். நம் மண்ணின் மரங்களையே நட வேண்டும், அயல்நாட்டு அலங்கார மரங்களை நடலாகாது என்று தம் வாழ்நாளெல்லாம் வற்புறுத்தியவர் அவர். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் கையில் அக்கட்டுரைகள் இருப்பது மிகவும் பிரயோஜனமானது.

சென்னை நகரத்துக் குழந்தைகளுக்குக் கோயிற்காடு ஏது என்று கேட்பீர்கள். 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காடு, ஏறத்தாழ 270 ஹெக்டேர் பரப்பில் நகரத்தின் நடுவே நிற்கிறது. வெளிமானும் புள்ளிமானும் நரியும் அங்கே வாழ்கின்றன. நான் மேலே சொன்ன உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சந்தான் அதுவும். ஒருநாள் உல்லாசப் பயணமாகக் கூட்டத்தோடு ஓடி வருவதற்குப் பதில், ஒரே வகுப்பு ஒரே இடத்துக்கு மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் கோடையிலும் திரும்பத் திரும்ப வர ஏற்பாடு செய்தால் கிடைக்கும் பயன் பன்மடங்காகும். காடு ஒருமுறை பார்த்து முடிக்கக்கூடிய பொருளன்று.

ஊர்க்காடுகளுக்கு இன்று நேர்ந்திருக்கும் ஆபத்து விறகுவெட்டியால் வந்ததன்று. கோயில்களுக்கு வருமானம் பெருகியிருக்கிறது. வருமானத்தோடு சிமெண்டு மண்டபமும், வண்டி நிறுத்த இடமும், கடைகளும், சுற்றுச்சுவரும் வருகின்றன. பக்தி மிகுதியாலேயே அய்யனாரின் வீட்டை இடித்து அய்யனாருக்கு மண்டபம் கட்டுகிறார்கள். தர்மகர்த்தாக்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களும் சிறுவயதில் அந்தக் காட்டை ஒரு பாடமாக ஒருவரும் காட்டித் தராமல் வளர்ந்தவர்களே. மறுபுறம், 1968இல் தொடங்கிய ஆரோவில்லில், செம்மண் அரித்துப் பள்ளமாய்ப் போன மேட்டுநிலத்தில், கோயிற்காடுகளிலிருந்து விதை சேகரித்துக் கன்று வளர்த்து அந்தப் பழங்காட்டையே மீண்டும் உண்டாக்கியிருக்கிறார்கள். அந்த விதைக்குத் தாய்மரம் நின்றது அய்யனார் காட்டில் என்பதை நாம் மறக்கலாகாது. தாய்மரம் போய்விட்டால் எத்தனை பொருள் செலவிட்டாலும் விதைக்கு எங்கே போவது?

ஆகவே, இச்சபையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர்களுக்கும் கல்வித்துறை அதிகாரிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் பள்ளியிலிருந்து குழந்தைகள் நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு கோயிற்காட்டையோ, ஏரிக்கரைப் புதரையோ, அதுவும் இல்லையேல் ஒரு முதிய ஆலமரத்தடியையோ பள்ளியின் இரண்டாவது வகுப்பறையாகத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு முற்பகல் நேரத்தைப் பாடவேளை அட்டவணையிலேயே அதற்கென ஒதுக்குங்கள். அங்கே நடந்ததைத் தேர்வில் கேட்காதீர்கள். ஊர்ப் பூசாரியையும், ஆடு மேய்க்கும் அம்மாவையும், இருளர் பெரியவரையும் அழைத்து வந்து பேசச் சொல்லி, ஆசிரியரும் குழந்தைகளோடு உட்கார்ந்து கேளுங்கள். கோயில் நிர்வாகிகளை அணுகி, காட்டின் சருகைப் பெருக்க வேண்டாம், புதிய கட்டடத்தைக் காட்டுக்கு வெளியே கட்டுங்கள் என்று குழந்தைகளின் கையெழுத்தோடு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். இவற்றுள் எதற்கும் தனியாக நிதி வேண்டியதில்லை. புரட்டாசி பிறக்கும்போதே தொடங்கிவிடலாம்.